வேலிக்கு வெளியே ஒரு பார்லோ

லோரீன், பார்லோ ஓடை என்கிற மலை ஊருக்கு மருமகளாக வந்த முதல் வருஷம், மே மாதக் கடைசியில், செத்தவர்களுக்கெல்லாம் பூ வைக்கிற கல்லறை ஞாயிறு வந்தது. மாமியார் ஹெஸ்டர் ஒரு ஜாடி நிறையப் பியோனிப் பூவைக் கையில் கொடுத்து, மாமனாருடைய தகப்பனார் ஏமோஸ் பார்லோவின் கல்லடியில் வைத்துவிட்டு வா என்று முன்னால் அனுப்பினாள். கல்லறை மேட்டில் ஏறிப் பார்த்தால் ஏமோஸ் பார்லோ என்று மூன்று கல் நிற்கிறது. ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு என்ன தெரியும்? இருப்பதில் பெரிய கல்லாகப் பார்த்து ஜாடியை வைத்தாள். கண்ணை மூடி ஜெபமும் பண்ணினாள்.

அந்தக் கல்லுக்கு உரிய ஏமோஸ், பன்றித் தகராறில் மாமனாரின் தகப்பனை முழங்காலில் சுட்டு, சாகும்வரை நொண்ட வைத்தவன்.

கொஞ்சம் தள்ளி ஒரு நடுவயதுப் பெண்பிள்ளை மண்வெட்டியால் புல் செதுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வந்தாள். ஜாடியை எடுத்து மேல் வரிசையில் இருந்த சின்னக் கல்லுக்குக் கீழே வைத்தாள். பழைய இடத்தில் ஜாடி பதிந்த ஈர வட்டத்தைக் காலால் தேய்த்து அழித்தாள். ஹெஸ்டர் மூச்சு வாங்க ஏறி வந்து, சரியான கல்லை யார் காட்டினது என்று கேட்டதற்கு, அந்தப் பெண்பிள்ளை, “யாரும் காட்டல. நேரா வந்து வச்சா” என்று சொல்லி, வாயில் அடக்கியிருந்த புகையிலைப் பொடிச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள்.

அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று லோரீனுக்கு அப்போது தெரியவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் பேர் பார்லோ. ஓடைக்கு அதே பேர், மலைக்கு அதே பேர், பள்ளிக்கூடம், சபை, தபாலாபீஸ், நிலக்கரி ரயில் நிற்கிற மரப் பிளாட்பாரம் எல்லாம் பார்லோதான். ஆகவே ஆளை ஆள் அடையாளம் தெரிய ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பேர் வைப்பார்கள். ஒரு தரம் விழுந்துவிட்டால் அது சாகும்வரை போகாது. மாமனார் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்ததால் ஆலை ரூஃபஸ். சுரங்கத்தில் கண் போனவர் ஒற்றைக்கண் ஹோமர். கல்யாண விருந்தில் காப்பியில் உப்பைப் போட்ட ஒருத்தி பேரன் பேத்தி எடுத்த பிறகும் உப்பு மார்த்தாதான். ஹெஸ்டர் கொஞ்சம் சீக்கிரம் ஏறி வந்திருந்தால் லோரீன் அன்றைக்கே தப்புக்கல் லோரீன் ஆகியிருப்பாள்.

காப்பாற்றியவளுக்கு அப்படிக் காப்பாற்ற யாரும் இருந்ததில்லை. அவள் பேர் டெல்ஃபியா. ஊர் வைத்த பேர் படிக்கட்டு டெல்ஃபி.

ஒரு பனிக்கால ஆரம்பத்தில், புகையிலைக் கூடையில் ஒரு ஆணுடைய கோட்டைச் சுற்றி அவளைச் சபையின் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்போதிருந்த போதகர் பச்சைப்பிள்ளையைத் தூக்கிப் பேர் சொன்னபோது, குடும்பப்பேர் என்ன போடுவது என்று கேள்வி வந்தது. இந்த ஊரில் வேறு பேர் ஏது என்று சொல்லி பார்லோ என்றே போட்டுவிட்டார். அவர் நல்ல மனுஷர். ஆனால் அவர் போன பிறகு, அந்தப் பேரை அவளிடமிருந்து பிடுங்கவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் ஊர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளைச் சபை வாசலில் நிறுத்தி, “உங்கம்மா இதுல எத்தனாவது படி?” என்று கேட்பார்களாம். அவள் ஒரு படியைக் காட்டும்வரை விடமாட்டார்களாம்.

ஒரு வீட்டில் அவள் நிலையாக இருந்தது கிடையாது. அவரைக்காய் பறிக்கிற பருவத்தில் ஒரு வீடு, பன்றி அறுக்கிற பருவத்தில் இன்னொரு வீடு. எல்லாரும் தின்று எழுந்த பிறகு அவளுக்குத் தட்டு. அவள் சாதுவும் இல்லை. பூனையைக் கண்டால் கல்லெடுப்பாள். யாராவது சேற்றில் வழுக்கி விழுந்தால் அடக்கமாட்டாமல் சிரித்து, அதற்காகவும் அடி வாங்குவாள்.

ஹெஸ்டர் தலைப்பிள்ளையாக, லோரீனின் புருஷன் கிளேயைச் சுமந்திருந்த வருஷம் டெல்ஃபி ஆலை ரூஃபஸ் வீட்டில் இருந்தாள். அங்கிருந்து அனுப்பப்பட்டுச் சில மாதத்தில் அவளுக்கும் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. தகப்பன் யார் என்று சபையில் நிற்க வைத்துக் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆசா என்று வேதாகமத்திலிருந்து தானே பேர் எடுத்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிற வயதில், தொண்டை அடைக்கிற காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது.

ரத்தசம்பந்தம் உள்ளவர்களுக்குத்தான் கல்லறை மேட்டின் கம்பிவேலிக்குள்ளே இடம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கம்பிக்குக் கீழே சரிவில் வைத்துக்கொள் என்றார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நெருங்கிய ரத்தத்துக்கு யாரும் தன் கையால் குழி வெட்டமாட்டார்கள், மற்றவர்கள்தான் வெட்ட வேண்டும். ரூஃபஸ் ஊரில் யார் செத்தாலும் மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்கிற ஆள். அன்றைக்கு அவர் வரவில்லை. ஒற்றைக்கண் ஹோமர்தான் தனியாளாக வெட்டினார். அதைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். பேசினவர்கள் யாரும் இல்லை. ஹெஸ்டர் சன்னல் வழியாக, வீட்டுக்குப் பின்னால் சும்மா விறகு பிளந்துகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். அதுவே அவளுக்குப் போதும்.

அதன் பிறகு டெல்ஃபி பிள்ளை கிடந்த மேட்டை விட்டு நகரவில்லை. அந்த ஊரில் கல்லறைமேல் புல் முளைக்க விடக்கூடாது. மண்ணைச் செதுக்கி, மேடு கூட்டி, வெறும் தரையாகப் பெருக்கி வைக்க வேண்டும். வசந்தகாலம் முழுக்க அந்த வேலையை அவள் ஒருத்தியே செய்தாள். செத்தவர்களைக் கழுவி, கற்பூரத் தண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் போட்டுக் கருக்காமல் பார்ப்பதும் அவள்தான். பார்லோக்கள் அத்தனை பேரும் கடைசியாக அவள் கையில்தான் கிடந்தார்கள். உயிரோடிருக்கும்போது அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களும் அதில் உண்டு.

யுத்தம் முடிந்து சில வருஷத்தில், டேட்டன் பட்டணத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய் நன்றாக வந்திருந்த ரூஃபஸின் தம்பி மகன் வென்டல் புதுக் காரில் வந்து இறங்கினான். பார்லோ குடும்பச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, சபையை நடத்துகிற டீக்கன்களில் ஒருவராகவும் இருந்த ரூஃபஸைத் தலைவராக்கினான். உலகத்தில் பார்லோ என்று பேர் உள்ளவர்களையெல்லாம் அவன் தேடி வைத்திருந்தான். எங்கோ ஒரு தளபதி, ஒரு ஆளுநர், கனடாவில் ஒரு ஏரி, மேற்கே வனாந்தரத்தில் ஒரு ஊர். மேட்டுக்குக் கல்லில் ஒரு வாசல் கட்டி, அதில் இத்தனை பேரையும் செதுக்கி, பழைய கம்பியை எடுத்துவிட்டுச் சுற்றிலும் இரும்பு வேலி போட வேண்டும் என்றான்.

ஹோமர் தன் பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினார். “இதுக்கும் பேரு பார்லோ கத்திதான். இதுவும் எனக்குப் பங்காளி முறையா தம்பி?”

“செஞ்சவர் நம்ம வம்சமா இருக்கலாம் பெரியப்பா.”

“அந்த வனாந்தரத்து ஊரு இருக்கே, அங்க நம்ம ஆளு யாரு இருக்கா?”

“இப்ப யாரும் இல்ல. பேரு இருக்கு.”

“அப்ப சரி” என்றார் ஹோமர். “சண்டைக்கு வரமாட்டாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். வேலியும் வாசலும் முடிவாயிற்று. உள்ளே இடம் நெருக்கடியாக இருந்ததால் வேலியைக் கீழ்ப்பக்கம் இறக்கிப் போடுவது என்றும் பேசினார்கள். இறக்கிப் போட்டால் சரிவில் கிடக்கிற சின்ன மேடு தானாகவே உள்ளே வந்துவிடும்.

டெல்ஃபிக்குத் தன் வாழ்நாளில் வேண்டுதல் என்று இருந்தது இது ஒன்றுதான். ஒரு நாள் ஆலை வாசலில் போய் நின்றாள். லோரீன் அப்போது மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். ஹெஸ்டர் பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு கிடந்த சமயம் அது. தூக்கிக் கழுவ ஆள் கிடைக்காமல் வீடு நாறிக்கொண்டிருந்தது. ரூஃபஸ் மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ஹெஸ்டரைக் கடைசிவரைக்கும் நீ பாத்துக்க. அந்தப் பய வேலிக்கு உள்ள வந்துருவான். டீக்கனா சொல்றேன்.”

“சத்தியமாவா டீக்கனய்யா?”

“ஒரு தடவை சொன்னாப் போதாதா உனக்கு?”

அவள் அன்று மாலையே மூட்டையோடு வந்துவிட்டாள். அடுத்தடுத்து இரண்டு குளிர்காலம் ஹெஸ்டரைத் தூக்கினாள், புரட்டினாள், புண்ணுக்கு மருந்து போட்டாள். ஹெஸ்டருக்கு ஒரு பக்கம் செத்திருந்ததே தவிர நாக்குக்கும் வலது கைக்கும் ஒரு குறையும் இல்லை. டெல்ஃபி வெள்ளைப் படுக்கைத் துப்பட்டி மாற்றி முடிக்கும்வரை பொறுமையாக இருப்பாள். முடிந்ததும் கையிலிருக்கிற சூப்புக் கிண்ணத்தை மெதுவாக அதன்மேல் கவிழ்ப்பாள்.

“அலசு. உம் பிள்ளைக்காகத்தானே அலசுற” என்பாள்.

டெல்ஃபி எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போவாள். பனி உடைத்து அலசி அவள் விரல் முட்டிகள் வெடித்திருந்தன. லோரீன் ஒரு நாள் பன்றிக் கொழுப்பைச் சூடாக்கிக் கொண்டுபோய், தடவிக்கொள்ள அக்கா என்றாள். அப்போது டெல்ஃபி கொஞ்சம் பேசினாள். வேலி வந்தால் பிள்ளைமேல் மாடு மிதிக்காது என்றாள். போன மழைக்கு ஒரு மாடு சரிவில் இறங்கி மேட்டை மிதித்துவிட்டதாம். மற்றபடி அவன் எங்கே கிடந்தாலும் கர்த்தருக்குத் தெரியும், மாட்டுக்குத்தான் தெரியாது என்று சொல்லிச் சிரித்தாள்.

சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னே, டெல்ஃபி தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், ஹெஸ்டர் மருமகளைக் கட்டிலண்டை கூப்பிட்டாள்.

“குழி வெட்ட வராதவன் யாருன்னு எனக்குத் தெரியும்டி. அந்தப் பிள்ளைக்கு அப்படியே ரூஃபஸோட காது. நான் கிடக்கிற வேலிக்குள்ள அது கிடக்கக் கூடாது. உன் மாமன் என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கார்.”

“அப்ப டெல்ஃபி அக்காகிட்ட சொன்னது?”

“அப்படிச் சொல்லலேன்னா யார் வந்து என்னை அலசுவா? நீ அலசுவியா?”

லோரீன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ராத்திரி புருஷனிடம் சொன்னாள். கிளே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, அவள் கேட்டது சாகிறவளின் புத்தி பேதலித்த பேச்சு என்றான். இந்த வீட்டில் இருக்க ஆசையிருந்தால் அதை வெளியே விடாதே என்றும் சொன்னான். மறுநாள் டெல்ஃபி துப்பட்டியைப் பிழிய ஒரு முனையை லோரீனிடம் நீட்டினாள். லோரீன் பிடித்துக்கொண்டு முறுக்கினாள். சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்தது. பிழிந்து முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஹெஸ்டர் ஏப்ரலில் செத்தாள். டெல்ஃபிதான் கழுவினாள், தலை வாரினாள், கற்பூரத் துணி போட்டாள். அந்த வேலையில் அவள் ஒரு குறை வைத்ததாக யாரும் சொல்ல முடியாது.

இரும்பு வேலி போட லெக்சிங்டன் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ரூஃபஸ் டெல்ஃபியை அந்த வாரம் முழுக்கத் தன் தங்கை வீட்டுக்கு, மலைக்கு அந்தப் பக்கம், கல்லறை ஞாயிற்று விருந்துக்கு வேண்டிய, அடுக்கடுக்காகச் சுடுகிற ஆப்பிள் வற்றல் கேக்கு செய்து கொடுக்க அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மேட்டுக்கு ஏறியபோது டேட்டனிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் வந்த கார்கள் ஓடை நெடுக நின்றன. புல்லில் துணி விரித்து, கோழியும் மாவுருண்டையும், சோளரொட்டியும், பீன்ஸ் பானைகளும் வரிசையாக வைத்திருந்தார்கள். புது வாசலில் தளபதி, ஆளுநர், ஏரி, ஊர் எல்லாம் பளபளவென்று செதுக்கியிருந்தது.

வேலி கீழ்ப்பக்கம் இறங்கித்தான் இருந்தது. கயிறு கட்டினதுபோல் நேராக வந்தது. ஆசா கிடக்கிற இடத்துக்கு வந்ததும் மேலே வளைந்து, அந்தச் சின்ன மேட்டைச் சுற்றி வெளியே விட்டுவிட்டு, திரும்பக் கீழே இறங்கி நேராகப் போயிற்று. அந்த ஒரு வளைவுக்கு இரும்பைக் காய்ச்சி வளைக்க ஆட்கள் தனியாக ஒரு நாள் வேலை செய்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

டெல்ஃபி அந்த வளைவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வென்டல் பெரிய பார்லோக்களின் பேர்களை வாசித்துக்கொண்டிருந்தான். அவன் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு வேலிக்கு வெளியே நின்றபடியே கூப்பிட்டாள்.

“டீக்கனய்யா, இது தப்பா வளைச்சிருக்காங்க.”

கூட்டம் திரும்பிற்று. தப்பு ஒன்றும் இல்லை, சங்கத்தின் தீர்மானம் அது என்றார் ரூஃபஸ். அவள் நகரவில்லை. எனக்கு ஒரு வார்த்தை கொடுத்தீர்களே என்றாள். டெட்ராய்ட் பிள்ளைகளில் ஒன்று, அந்த அம்மா யார் என்று சத்தமாகக் கேட்டது. படிக்கட்டு என்று யாரோ சொல்ல, இளசுகள் பக்கம் கிசுகிசுவென்று சிரிப்பு ஓடிற்று. அந்தச் சிரிப்பு ரூஃபஸுக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

“உள்ள இருக்கறது எல்லாம் ரத்தம். உன் பய யாரு ரத்தம்னு இத்தனை வருஷமா நீ வாயத் தொறக்கல. இப்ப சொல்லு. பார்லோ ரத்தம்னு சொல்லு, நானே இந்த வேலியைப் பிடுங்கி நேரா நடுறேன்.”

டெல்ஃபி அவரை நேராகப் பார்த்தாள்.

“அன்னிக்கிக் குழி வெட்ட யாரு வரல?” என்று கேட்டாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் கடைசித் துணிவிரிப்பு வரைக்கும் கேட்டது. வெளியூரில் பிறந்தவர்களுக்குப் புரியவில்லை. பெரியவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. ஹோமர் ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். உப்பு மார்த்தா புருஷனைப் பார்த்தாள், புருஷன் பீன்ஸ் பானையைப் பார்த்தான். கிளே தன் காதைத் தொட்டான். தொட்டதை லோரீன் பார்த்ததும் கையை இறக்கினான். லோரீன் எழுந்திருக்கப் போனாள். அவன் அந்தக் கையாலேயே அவள் முழங்காலை அழுத்தினான். உட்கார்ந்துவிட்டாள்.

ரூஃபஸின் முகம் வெளுத்துப் போயிருந்தது. பிறகு உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு சொன்னார்.

“சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணுவோம்.”

அவ்வளவு பேரும் தலையைக் குனிந்தார்கள். லோரீனும் குனிந்தாள். மனுஷர் ஒருவரை ஒருவர் பாராமல் இருப்பதற்கு ஆண்டவரை மறைப்பாகப் பிடித்துக்கொண்ட ஜெபம் அது. ரொம்ப நீளமாகப் போயிற்று. தளபதிக்காகவும் ஏரிக்காகவும்கூட ஸ்தோத்திரம் சொன்னார். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது வேலிப்பக்கம் ஆள் இல்லை. கோழி ஆறிப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் தட்டெடுத்தார்கள். அவள் அடுக்கிக் கொடுத்த ஆப்பிள் கேக்கை டெட்ராய்ட்காரர்கள் மிகவும் மெச்சித் தின்றார்கள்.

திங்கட்கிழமை காலையில், ஆண்கள் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போன பிறகு, அவள் மேட்டில் மண்வெட்டியோடு நிற்பதை லோரீன் அடுப்படி சன்னலிலிருந்து பார்த்தாள். புல் செதுக்குகிற வீச்சு அல்ல அது. தன் ரத்தத்துக்குத் தன் கையால் குழியைத் தொடக்கூடாது என்கிற ஊர் வழக்கத்தை அவள் அன்றைக்கு மீறினாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அங்கே என்ன மிஞ்சியிருக்கும்? கிடைத்ததை மண்ணோடு ஒரு காலிப் பன்றிக்கொழுப்பு டின்னில் அள்ளி, மேலே துணி கட்டினாள்.

லோரீன் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, ஓடைப் பாதையில் ஓடி ரயில் பிளாட்பாரத்தில் அவளைப் பிடித்தாள். டெல்ஃபி மூட்டையைக் கீழே வைத்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் மண். எங்கே போகிறாய் அக்கா என்று கேட்டதற்கு, மேலே சுரங்க முகாமில் ஹங்கேரிக்காரர்கள் சாப்பிடுகிற விடுதியில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம் என்றாள். அங்கே அவர்களும் கறுப்பர்களும் புதைக்கிற மேடு ஒன்று இருக்கிறதாம். வேலியே கிடையாதாம்.

தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று லோரீன் அப்போதுதான் சொன்னாள். ஹெஸ்டர் சொன்னதையும், துப்பட்டி பிழிந்த நாளில் தனக்கு வாய் வராததையும் சொல்லி அழுதாள். டெல்ஃபி அவளைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. வளைவில் ரயில் புகை தெரிந்ததும் எழுந்து, டின்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். நிலக்கரிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த ஒற்றை ஜனப்பெட்டி அவர்கள் முன்னே வந்து நின்றது. படியில் ஏறின பிறகு திரும்பினாள்.

“உங்கத்தை மேட்டுல மண்ணு இன்னும் படியல, லோரீன். மழை பெஞ்சா உள்வாங்கும். ரெண்டு கூடை மண்ணு போடச் சொல்லு. போட ஆள் இல்லேன்னா உள்வாங்கட்டும், விடு.”